கடனை பேங்குக்கு மாற்றினேன்

எங்கள் கோவிலில் அம்புரோஸ் அண்ணாச்சி நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கிற நற்கருணை அப்பம், வாங்காதவர். இது தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். கஞ்சி போட்ட சட்டையும் வெள்ளை வேட்டியுமாகக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார். பாட்டுகளைச் சத்தமாகப் பாடுவார், காணிக்கைத் தட்டில் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் போடுவார். நன்மை நேரம் வந்து ஆட்கள் எழுந்து பீடத்தை நோக்கி வரிசையாக நகரும்போது மட்டும் கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிட்டுவிட்டு உட்கார்ந்தே இருப்பார்.

காரணம் வட்டி. கடற்கரை ரோட்டில் அவருக்குத் தோணிச் சாமான் கடை. கயிறு, நங்கூரம், பாய்த்துணி, தார் எல்லாம் விற்பார். அது பெயருக்கு. உண்மையான பிழைப்பு வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுப்பது. முன்னால் இருந்த பங்குச் சாமி ஒருவர், இந்த வட்டியை விடாமல் நன்மைக்கு வரக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டாராம். அண்ணாச்சியும் சரி சாமி என்று சொல்லி, வட்டியை வைத்துக்கொண்டு நன்மையை விட்டுவிட்டார். வட்டியும் வேண்டும் நன்மையும் வேண்டும் என்று கைநீட்டுகிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அந்த விதத்தில் இவர் நாணயமான பாவி என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நாணயமான பாவியிடம்தான் என் வீடு அடமானத்தில் கிடந்தது.

வீடு என் அப்பா என் பெயரில் எழுதி வைத்தது. இரண்டு அறை, ஒரு அடுக்களை, பின்னால் கிணறு. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் விக்டர் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வருகிறவர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தோணி ஓடாது. அப்போது வீட்டில் இருந்துகொண்டு என் சமையலுக்குக் குறை சொல்லுவார். அவருடைய தங்கை கல்யாணத்துக்காக வீட்டின் பேரில் எட்டாயிரம் வாங்கினோம். ரெண்டு வட்டி. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று கேட்கும்போது ஒன்றும் தெரியாது. மாதாமாதம் நூற்று அறுபது ரூபாயை எண்ணி வைக்கும்போதுதான் தெரியும். ஏழு வருடம் வைத்தேன். வாங்கின கடனைவிட அதிகமாக வட்டி கொடுத்தாகிவிட்டது. அசல் எட்டாயிரம் மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்தபடியே இருந்தது.

இப்படியே காலம் தள்ளியிருப்பேன். பக்கத்து வீட்டு மரியசெல்வி அக்காவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் சிலுவை, துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது சங்கிலி அறுந்து விழுந்து இறந்துபோனார். அவர் இருக்கும்போதே வீடு அம்புரோஸிடம் இருந்தது. அக்கா ஆப்பம் சுட்டு விற்று வட்டி கட்டப் பார்த்தாள். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்தது, சேர்ந்ததற்கும் வட்டி ஏறியது. கடைசியில் ஒரு நாள் ரிஜிஸ்டர் ஆபீசில் போய் வீட்டையே அவருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கோழிக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், சந்துக்குள் இருந்த ஓலைக்குடிசைக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றவள் அப்படியே நின்றேன். அதிர்ச்சி என்றால் எனக்கு அதுதான் முதல். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர், அப்புறம் என் சம்பளம்.

ஒரு தடவை அவளுக்கு ஒரு படி அரிசி கொடுத்துவிட்டேன். அரிசி அப்படியே திரும்பி வந்தது, மேலே நாலு ஆப்பத்தோடு. அவள் அப்படிப்பட்டவள்.

அம்புரோஸ் அந்த வீட்டை இசக்கியப்பன் என்ற வெங்காய வியாபாரிக்கு விற்றார். இசக்கியப்பன் அதைக் குடோன் ஆக்கினார். கொழும்புக்குப் போகிற வெங்காய மூட்டைகள் அங்கே அடுக்கப்பட்டன. என் அடுக்களைச் சுவர் வழியாக அழுகின வெங்காய வாடை வரத் தொடங்கியது.

என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் தகப்பனார் தேவபிரசாதம். பேங்கில் ஏஜெண்ட், அப்போதெல்லாம் மேனேஜரை அப்படித்தான் சொல்லுவார்கள். நாசரேத்துக்காரர், புராட்டஸ்டண்ட் சபை. நம்மைப் போல நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ள மாட்டார், ஆனால் கணக்கைச் சுத்தமாகப் போடுவார். பிள்ளையின் மார்க்கைக் கேட்க வந்தவர், பேச்சுவாக்கில், டீச்சர்மாருக்கு வீட்டின் பேரில் பேங்கில் கடன் கிடைக்கும், வெளியே உள்ள கடனை அடைத்துவிட்டு இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"வட்டி எவ்வளவு சார்?"

"பன்னெண்டு."

"மாசத்துக்கா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வருஷத்துக்கு டீச்சர்" என்றார். பிறகு சாக்பீஸை எடுத்து, என் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டினார். மாதம் நூற்றுப் பதினைந்து ரூபாய் சுமார். பத்து வருடம். அதோடு அசலும் முடிந்துவிடும்.

நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். ஏழு வருடமாக இந்தக் கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை. கொடுத்துக்கொண்டிருப்பதைவிடக் குறைவாகக் கொடுத்தால் கடனே தீர்ந்துபோகும் என்று ஒருவர் சொன்னால், முதலில் அவரைத்தான் சந்தேகப்படத் தோன்றும். இரண்டு தடவை திருப்பிப் போட்டேன். சரியாகத்தான் வந்தது.

விக்டர் கொழும்பிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் ஏதோ அவருடைய அம்மாவை விற்கப்போகிற மாதிரிக் கேட்டார்.

"ஏளா, அம்புரோஸ் அண்ணாச்சி நமக்கு என்ன கொற வச்சாரு? கச்சான் மாசத்துல என்னைக்காவது வட்டின்னு வாசல்ல வந்து நின்னிருக்காரா? தோணி நிக்குன்னு அவருக்குத் தெரியும். பேங்க்காரனுக்குக் கச்சான் தெரியுமா, வாடை தெரியுமா?"

"கச்சான் மாசத்துலயும் என் சம்பளத்துல வட்டி போகுது. அதனாலதான் அவரு வந்து நிக்கல" என்றேன்.

"மொகம் தெரிஞ்ச மனுசன். நாளைக்கே நான் கடல்ல போயிட்டேன்னா முன்னால வந்து நிப்பாரு. பேங்க்காரன் வருவானா?"

"சிலுவை அண்ணன் அடக்கத்துக்கும் முன்னாலதான் வந்து நின்னாரு. அப்புறம் வீட்டுக்கும் முன்னால வந்து நின்னாரு."

"அவ வட்டி கட்டல."

"நான் நாளைக்குப் படுத்துட்டேன்னா நீங்க கட்டுவியளா?"

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கிணற்றடிக்குப் போய்விட்டார். ஆனால் நானும் உடனே துணிந்துவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அம்புரோஸிடம் ஒரு மாதம் பிந்தினால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கலாம், அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் அண்ணாச்சி என்று சொல்லலாம். பேங்கில் யாரிடம் முகத்தைத் தொங்கப் போடுவது? பத்து வருடம் என் சம்பளத்தில் அவர்கள் பிடித்துக்கொள்ளுவார்கள். பத்து வருடம் நான் படுக்காமல் இருக்க வேண்டும். எனக்கு அது பயமாகத்தான் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது, கோவிலில் முழங்காலில் நின்றால்கூட இயேசுவின் பாடுகளை நினைக்காமல் வட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவு எடுக்க வைத்தவர் இசக்கியப்பன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அவருடைய ஆட்கள் மரியசெல்வி அக்காவின் முன்சுவரைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். கைவண்டி உள்ளே போவதற்கு வாசலை அகலமாக்குகிறார்களாம். சுவரில் மாதா சுரூபம் இருந்த மாடம் பாதி உடைந்து, உள்ளே பூசியிருந்த நீலச் சாயம் தெரிந்தது. என் வீட்டு முன்சுவரிலும் அதே மாதிரி மாடம், அதே நீலம்; இரண்டையும் ஒரே கொத்தனார்தான் கட்டினார். அப்படியே திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல், கடற்கரை ரோட்டுக்கு நடந்தேன்.

அம்புரோஸ் அண்ணாச்சி கடையில் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பேங்கு விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார், என் அப்பா பெயரை இழுப்பார், நன்றி கெட்டவள் என்பார் என்று நினைத்து, அதற்கெல்லாம் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

"பேங்க்ல உறுதியாக் குடுப்பானா?" என்று மட்டும் கேட்டார்.

"குடுப்பாங்க அண்ணாச்சி."

"எட்டாயிரமும் ஒண்ணாவா? இல்ல பிச்சுப் பிச்சா?"

"ஒண்ணா. உங்க பேருக்கே செக்கு."

அவர் கொஞ்ச நேரம் கயிற்று நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "குருத்து ஞாயிறுக்கு முன்னால கெடைக்குமா ஏளா?" என்றார்.

பாருங்கள், போகிற கடனிலும் இந்த மனுஷனுக்கு அவசரத்தைப் பாருங்கள் என்று நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறுதான் குருத்து ஞாயிறு, அதற்கு இன்னும் நாள் இருந்தது; கிடைக்கும் என்றேன். அப்படியானால் இந்த மாதத்து வட்டி வேண்டாம் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைத் தெருவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் சாமர்த்தியத்துக்குப் பயந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சொன்னபடி நடந்தது. தேவபிரசாதம் சார் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டேன். ரிஜிஸ்டர் ஆபீசில் அம்புரோஸ் கடன் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தார். மூலப்பத்திரம் அவர் பெட்டியிலிருந்து பேங்குப் பெட்டிக்குப் போனது. திரும்பி வரும்போது பேக்கரியில் கால் கிலோ மக்ரோன் வாங்கினேன். தபசு காலத்தில் இனிப்புத் தின்பதில்லை என்று வைத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் கடவுள் கண்டுகொள்ள மாட்டார் என்று தின்றேன். விக்டர்கூட இரண்டு எடுத்துக்கொண்டு, "பரவாயில்லளா, நீ கெட்டிக்காரிதான்" என்றார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த வாரம் பெரிய வியாழன்.

கோவில் நிரம்பி வழிந்தது. நன்மை நேரத்தில் வரிசை நகர்ந்தது. நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து முழங்காலில் நின்று கண்ணை மூடப்போனேன். பின்னால் ஏதோ சலசலப்பு. திரும்பினேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அம்புரோஸ் அண்ணாச்சி எழுந்து நின்றுகொண்டிருந்தார். பிறகு நடந்தார். கூப்பிய கையோடு, நடுப்பாதையில், வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்துகொண்டார். பாடிக்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேர் பாட்டை விட்டுவிட்டார்கள். சாமியாரின் கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அண்ணாச்சி நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி பிளாரன்ஸ் பெண்கள் பக்கத்தில் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

கோவிலை விட்டு வெளியே வந்த எங்கள் தெரு ஆட்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கொடிமரத்தைச் சுற்றி நின்று அதையே பேசினார்கள். வட்டியை விட்டால்தானே நன்மை? அப்படியானால் விட்டுவிட்டாரா? எப்படி விட்டார்? எனக்கும் ஆச்சரியம்தான். ஆனால் எனக்கு அவரோடு கணக்கு முடிந்துவிட்டதே, எனக்கென்ன என்று நிம்மதியாக நடந்தேன்.

சனிக்கிழமை காலையில் அந்த நிம்மதி போயிற்று. கீழ்வீட்டு ஜேசுபாதம் கையில் ஒரு பத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் வந்தான். அம்புரோஸ் அண்ணாச்சி அவனைக் கூப்பிட்டு, வாங்கின வட்டி போதும் என்று சொல்லி, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அசலும் வேண்டாமாம். அவனுக்கு மட்டும் அல்ல. அவரிடம் வீட்டை எழுதிக் கொடுத்திருந்த எல்லோருக்கும். ஒரு வீட்டில் சிரித்தார்கள், ஒரு வீட்டில் ஒப்பாரி மாதிரி அழுதார்கள். இசக்கியப்பனின் ஆட்கள் வெங்காய மூட்டைகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்; மரியசெல்வி அக்காவின் வீட்டை அண்ணாச்சி திரும்ப விலைக்கு வாங்கி அவளுக்கே கொடுக்கிறாராம்.

நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த சட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இரண்டே வாரம். இரண்டு வாரம் நான் சும்மா இருந்திருந்தால் என் பத்திரமும் என் கையில் இருந்திருக்கும். கடன் என்று ஒரு பைசா இருந்திருக்காது. இப்போது பத்து வருடம். ஐம்பது வயதுவரைக்கும் பேங்குக்குக் கட்ட வேண்டும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே ஓடி ஓடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி, மாற்றிக்கொண்டேன்.

விக்டர் வாசலிலிருந்து உள்ளே வந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். அது அவருக்கு நல்லதாயிற்று.

நேராக அம்புரோஸ் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பிளாரன்ஸ் என்னைக் கண்டதும் காப்பி போட உள்ளே போனாள். நான் உட்காரவில்லை.

"தெரிஞ்சுதானே செஞ்சிய?" என்றேன்.

"தெரிஞ்சுதான்" என்றார்.

இல்லை என்பார், எனக்கு அப்போது அந்த எண்ணமே இல்லை என்பார், அதைக் கேட்டுவிட்டு விதியை நொந்துகொண்டு வரலாம் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. தெரிஞ்சுதான் என்ற ஒரு சொல்லில் அதுவும் போயிற்று. 

"தபசு தொடங்குனதும் சாமிகிட்ட போனேன்" என்றார் அவர். "எனக்கும் வயசாச்சு. நெஞ்சு அடிக்கடி வலிக்கி. குடுத்ததுக்கு மேல யாருட்டெல்லாம் வாங்கினியோ அவங்கள விட்டுரு, எடுத்த வீட்டத் திருப்பிக் குடுன்னு சாமி சொன்னாரு. விடுறது லேசு ஏளா. பத்திரத்தத் தூக்கிக் குடுத்தா முடிஞ்சுது. எடுத்த வீட்ட எப்படிக் குடுக்க? அத நான் வித்துட்டேன். இசக்கியப்பன் ரொக்கமா வச்சாத்தான் தருவேன்னுட்டான். எங்கிட்ட ஏது ரொக்கம்? எம் பணம் முழுக்க உங்க வீட்டுச் செவருலதான் கெடந்துச்சு. கடைய விக்கலாம்னு பாத்தேன், ஒருத்தனும் கேக்கல. அந்த நேரத்துல நீ வந்து பேங்குன்ன."

"என்னையும் விட்டிருக்கணும். நானும் குடுத்ததுக்கு மேல குடுத்தவதானே."

"ஆமா. நீயும்தான்."

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் வாங்கினிய?"

"ஒனக்குச் சம்பளம் இருக்கு. பேங்க் இருக்கு. ஜேசுபாதத்துக்கு எந்தப் பேங்க் குடுக்கும்? மரியசெல்விக்கு யாரு இருக்கா?"

"அத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியா?" என்றார்.

கட்டியிருக்க மாட்டேன். ஒரு பைசாகூடக் கொடுத்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. "இதையும் சாமிகிட்ட சொன்னியளா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "இத அடுத்த பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்." சிரிக்கவில்லை. சிரித்திருந்தால், பிளாரன்ஸ் அப்போது கொண்டு வைத்த காப்பியை அவர் முகத்தில் ஊற்றியிருப்பேன். "நீ போயி யாருகிட்ட வேணும்னாலும் சொல்லு. மரியசெல்விகிட்டயும் சொல்லு. நான் தடுக்கல."

காப்பியைக் குடிக்காமல் வந்தேன்.

அந்த ஈஸ்டரை நான் ஈஸ்டராகக் கொண்டாடவில்லை. தெருவுக்கு என்னைப் பார்த்தால் ஒரே பரிதாபம். பரிதாபப்படுகிறவர்களின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருக்குமே, அதோடு. "படிச்ச பொம்பளைக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று குழாயடியில் ஒருத்தி என் காது கேட்கச் சொன்னாள். "பாவம், அவ தலையெழுத்து" என்று ஜேசுபாதத்தின் பெண்சாதி. இதே ஜேசுபாதம் மகளுக்கு நான் காசு வாங்காமல் டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். அம்புரோஸ் அண்ணாச்சியோ புனிதர் ஆகிவிட்டார். அவர் நடந்து வந்தால் குழந்தைகளைக் கொண்டு போய் நெற்றியில் சிலுவை போடச் சொல்லுகிறார்கள். அவர் வாங்கின புனிதத்துக்கு நான் மாதம் நூற்றுப் பதினைந்து ரூபாய் கட்ட வேண்டும்.

பேங்குக்குப் போய் இதை மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். தேவபிரசாதம் சார் முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், நீங்க வாங்கின கடனை நீங்க அடச்சிருக்கீங்க. இதுல யார் மேல என்னன்னு வழக்குப் போடுவீங்க?" என்றார். அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. கணக்கைச் சுத்தமாகப் போடுகிறவர்களிடம் ஆறுதலுக்குப் போகக் கூடாது.

ஆகவே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். மரியசெல்வி அக்காவிடம் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இந்த வீடு உனக்கு யாருடைய சம்பளத்தில் வந்தது தெரியுமா என்று கேட்க வேண்டும். நான் அவசரக்காரி அல்ல, ஏமாற்றப்பட்டவள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். பணம்தான் போயிற்று, என் புத்தியைப் பற்றின பெயராவது மிஞ்ச வேண்டாமா?

அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவரின் இடித்த பக்கத்துக்குச் சாக்குப் படுதா கட்டியிருந்தது. நான் போனபோது அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெங்காயச் சருகைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டில், பாத்திரங்கள், கோழிகள் எல்லாம் தெருவில்தான் இருந்தன. ஒன்றையும் உள்ளே எடுத்துப் போடவில்லை.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"நல்ல நேரத்துல வந்த கிளாடிஸ். ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் சாமான உள்ள எடுக்காம கெடக்கேன்."

"என்னக்கா?"

"அம்புரோஸ் அண்ணாச்சி இசக்கியப்பனுக்கு ரொக்கமாக் குடுத்திருக்காரு. எல்லாருக்கும் பத்திரத்தச் சும்மா தூக்கிக் குடுத்த மனுசனுக்கு ரொக்கம் எங்கன இருந்து வந்துச்சு? பிளாரன்ஸ்ட்ட கேட்டேன். அவ தலையக் குனிஞ்சிக்கிட்டா. எனக்கு அது நல்லாப் படல." அவள் குரல் இறங்கியது. "வீடு போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தி வயிறு எரிஞ்ச பணத்துல இந்த வீடு வந்திருந்தா, இதுக்குள்ள நான் ஒரு நாள் படுக்க மாட்டேன். குடிசைக்கே போயிருதேன். கடேசியா அவருகிட்ட கணக்கு முடிச்சது நீதான். நீ பொய் சொல்ல மாட்ட. சொல்லு, இது யாரு பணம்?"

சொல்ல வந்த வார்த்தை முழுவதும் என் நாக்கில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கோழிக்கூட்டைத் தூக்குவாள், நடப்பாள். அரிசியைத் திருப்பி அனுப்பினவள் வீட்டையும் திருப்பி அனுப்புவாள். என் எட்டாயிரம் அதனால் எனக்குத் திரும்பி வரப்போவதில்லை. இசக்கியப்பனின் வெங்காயம்தான் திரும்பி வரும்.

சரி, ஒரு பொய்தானே என்று நினைத்தேன். அதற்கான துணிச்சலை வரவழைத்துக்கொண்டேன்.

"அம்புரோஸ் அண்ணாச்சி பணம்தான்க்கா" என்றேன்.

"உறுதியாவா?"

"வெளிய குடுத்திருந்த கடன் அவருக்குத் திரும்பி வந்துச்சு. அவரு பணம்தான். வேற யாருதும் இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணை ஒரு தடவை துடைத்தாள். "அப்பச் சரி" என்றாள். "அந்தக் கட்டிலு ஒரு பக்கம் புடி."

பிடித்தேன். புன்னை மரக் கட்டில், கனமான கனம். இரண்டு பேரும் நிலைப்படியில் இடிக்காமல் அதைச் சாய்த்து உள்ளே நுழைக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான் சொன்னது பொய்யே இல்லை. எட்டாயிரம் அவர் கொடுத்தது, நான் வாங்கினது, நான் திருப்பிக் கொடுத்தது. அதில் ஒரு பைசா என்னுடையது என்று எந்தக் கோர்ட்டிலும், எந்தக் கோவிலிலும் நான் சொல்ல முடியாது.  கட்டிலை அப்படியே விட்டுவிட்டேன். அது அக்காவின் கால் விரலில் விழுந்திருக்கும். அவள் துள்ளி விலகிக்கொண்டாள்.

"என்னளா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா. கனமா இருக்கு."

பொய் சொல்லியிருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, சாமியார் பரிகாரமாகக் கொடுக்கிற மூன்று அருள்நிறை மந்திரத்தோடு அதை இறக்கி வைத்திருப்பேன். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்கு மன்னிப்பு இல்லை, மாதாமாதம் கட்டத்தான் வேண்டும்.